பழைய எம்ஜிபி காருக்கு வயரிங் மாற்றப் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்தக் காரைப் பற்றிப் பேசுகிறோம்?

இங்கிலாந்தின் அபிங்டன் ஊரில் 1962 முதல் 1980 வரை தயாரான எம்ஜிபி. திறந்த கார், ஜிடி (கூரை உள்ளது) எல்லாம் சேர்த்து ஐந்து லட்சத்துக்கு மேல் செய்தார்கள், அதனால் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களில் சாமான் சுலபமாகக் கிடைப்பது இதற்குத்தான். டிரையம்ப் டிஆர்4, டிஆர்6, ஸ்பிட்ஃபயர், ஆஸ்டின் ஹீலி ஸ்பிரைட் வைத்திருப்பவர்களுக்கும் கீழே உள்ளதில் பெரும்பகுதி பொருந்தும். எல்லாவற்றிலும் இருப்பது பர்மிங்காம் லூகாஸ் கம்பெனி மின்சாமான்தான்.

லூகாஸ் என்றாலே இருட்டுதான் என்கிறார்களே, அது உண்மையா?

"இருளின் இளவரசன்" என்று லூகாஸைக் கிண்டல் செய்வது இந்தக் கார்க்காரர்களின் பொழுதுபோக்கு. கிண்டல் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அதை நம்பி நல்ல பழைய சாமானைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். இதே லூகாஸ்தான் டிவிஎஸ்ஸோடு சேர்ந்து சென்னை பாடியில் தொழிற்சாலை போட்டது, இன்றைக்கும் அந்த பஸ் ஸ்டாப்புக்குப் பெயர் லூகாஸ்தான். அங்கிருந்து வந்த செல்ஃப் மோட்டார்களை நம்பி நம் ஊரில் எத்தனை அம்பாசடர்கள் ஓடின என்று எந்த பழைய ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கேட்டாலும் சொல்வார். ஐம்பது அறுபது வருஷம் ஆன காரில் லைட் மங்குகிறது, ஹாரன் முனகுகிறது, இண்டிகேட்டர் போட்டால் பிரேக் லைட்டும் சேர்ந்து மினுக்குகிறது என்றால் பத்தில் எட்டு தடவை காரணம் களிம்பு பிடித்த இணைப்பு, துருப்பிடித்த எர்த், இல்லாவிட்டால் முன்பு வைத்திருந்தவர் ரேடியோவுக்கும் ஃபாக் லைட்டுக்கும் இழுத்த ஒட்டு வயர்.

அப்படியென்றால் முழு வயரிங்கும் மாற்ற வேண்டியதில்லையா?

பார்த்துத்தான் சொல்ல முடியும். டாஷ்போர்டுக்கு அடியில் படுத்து, இக்னிஷன் சுவிட்சுக்குப் பின்னால் போகும் வயரைக் கொஞ்சம் வளைத்துப் பாருங்கள். மேல்தோல் விறைத்து, வளைத்த இடத்தில் வெடித்து உள்ளே செம்பு தெரிந்தால் லூம் (காரின் வயர்கள் எல்லாம் சேர்ந்த கட்டு) போய்விட்டது என்று அர்த்தம். வயர் நுனியில் அரை அங்குலம் தோல் சீவிப் பாருங்கள், செம்பு கறுத்திருந்தால் ஈயமும் ஒட்டாது, கிரிம்ப்பும் (வயர் நுனியில் முனையை அழுத்திக் கடிக்க வைப்பது) நிற்காது. எங்காவது ஒரு வயர் சூடாகி உருகிப் பக்கத்து வயரோடு ஒட்டியிருந்தால் யோசிக்கவே வேண்டாம், முழு லூமும் மாற்றுங்கள், ஏனென்றால் கட்டுக்குள் எவ்வளவு தூரத்துக்கு உருகியிருக்கிறது என்பது பிரித்தால்தான் தெரியும்.

இது எதுவும் இல்லையென்றால் ஒவ்வொரு இணைப்பாகக் கழற்றிச் சுத்தம் செய்து, எர்த் எல்லாவற்றையும் புதிதாகப் போட்டு, கீழே சொல்லும் ஃப்யூஸ், ரிலே (சின்னக் கரண்டில் இயங்கிப் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) வேலையை மட்டும் செய்தால் போதும். ஒரு சனி ஞாயிறில் முடிகிற வேலை. முழு லூம் மாற்றுவது என்றால் டாஷ், ஹீட்டர் பக்கம், பின்பெட்டி எல்லாம் பிரிய வேண்டும்.

துணி சுற்றிய லூம் வாங்கவா, பிவிசி வாங்கவா?

ஆரம்ப கால எம்ஜிபிகளுக்குத் துணிப் பின்னலும் பின்னால் வந்தவற்றுக்கு பிவிசி டேப்பும் வந்தன. உங்கள் காருக்கு எது வந்ததோ அதை வாங்குங்கள், உள்ளே இருக்கும் வயர் இன்றைக்கு இரண்டிலும் ஒன்றுதான். நாட்டிங்காம் பக்கத்திலுள்ள ஆட்டோஸ்பார்க்ஸ் போன்றவர்கள் அசல் கலரிலேயே செய்து தருகிறார்கள். ஆர்டர் கொடுக்கும்போது சேசிஸ் நம்பர், ஸ்டீயரிங் எந்தப் பக்கம், டைனமோவா ஆல்டர்னேட்டரா, ஓவர்டிரைவ் உண்டா, எந்த நாட்டுக்குப் போன கார் என்று எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். ஆல்டர்னேட்டர் போடப் போவதாக இருந்தால் அதையும் அப்போதே சொல்லிவிட்டால் தடிமனான வயர் வைத்துத் தருவார்கள்.

இன்னொன்று, 1970களின் நடுவில் ரப்பர் பம்பர் வந்த பிறகு எம்ஜிபியின் இக்னிஷன் காயிலுக்கு பேலஸ்ட் ரெசிஸ்டன்ஸ் (காயிலுக்குப் போகும் வோல்ட்டேஜைக் குறைக்கும் தடை) வைத்தார்கள். அது தனிப் பெட்டியாக வெளியே தெரியாது, லூமுக்குள்ளேயே ஒரு ரெசிஸ்டன்ஸ் வயராக ஓடுகிறது. புது லூமில் அந்த வயர் இல்லாமல் சாதாரண வயர் வந்து, பழைய காயிலையே மாட்டினால் காயிலுக்கு முழு 12 வோல்ட்டும் போய்க் கொதித்துவிடும். அந்த மாதிரி லூமுக்கு 3 ஓம் காயில் வாங்கிப் போடுங்கள்.

அந்த வயர் கலர்களை எப்படி ஞாபகம் வைத்துக்கொள்வது?

மொத்தமும் வேண்டாம், முதல் கலரை மட்டும் தெரிந்துகொண்டால் பாதிக் கார் புரிந்துவிடும். பிரவுன் என்றால் பேட்டரியிலிருந்து நேராக வருவது, எப்போதும் லைவ், ஃப்யூஸ் கிடையாது. பர்ப்பிள் எப்போதும் லைவ், ஆனால் ஃப்யூஸ் உண்டு. வெள்ளை சாவி போட்டால் லைவ், ஃப்யூஸ் கிடையாது, பச்சை சாவி போட்டால் லைவ், ஃப்யூஸ் உண்டு. நீலம் ஹெட்லைட், சிவப்பு சைடு லைட்டும் டெயில் லைட்டும், கறுப்பு எர்த். இரண்டாவது கலர் மெல்லிய கோடாக ஓடும்: நீலத்தில் வெள்ளைக் கோடு பிரைட், நீலத்தில் சிவப்புக் கோடு டிம், பச்சையில் பர்ப்பிள் கோடு பிரேக் லைட், பச்சையில் சிவப்பு இடது இண்டிகேட்டர், பச்சையில் வெள்ளை வலது.

புதிதாக ஏதாவது சேர்த்தாலும் இந்த வரிசையிலேயே வயர் வாங்கிப் போடுங்கள். கையில் கிடைத்தது சிவப்பு என்று எல்லாவற்றுக்கும் சிவப்பை ஓட்டினால் அடுத்து அந்தக் காருக்கு அடியில் படுப்பவர் உங்களைத் திட்டுவார், பெரும்பாலும் அந்த ஆள் நீங்களாகத்தான் இருப்பீர்கள்.

ஃப்யூஸ் 35 ஆம்பியர் என்று எழுதியிருக்கிறது. கடையில் 35 ஆம்பியர் கண்ணாடி ஃப்யூஸ் வாங்கிப் போடலாமா?

கூடாது, இதில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். லூகாஸ் ஃப்யூஸில் 35 என்று போட்டிருந்தால் அது எரிந்து போகும் அளவு, தொடர்ந்து தாங்குவது சுமார் 17 ஆம்பியர்தான். அமெரிக்கக் கண்ணாடி ஃப்யூஸில் போட்டிருப்பது தொடர்ந்து தாங்கும் அளவு. அமெரிக்க 35ஐப் போட்டால் ஃப்யூஸ் நன்றாகவே இருக்கும், வயர் எரியும். லூகாஸ் வகை 17/35 என்று கேட்டு வாங்குங்கள்.

அதைவிடப் பெரிய சங்கதி, ஆரம்ப எம்ஜிபியில் மொத்தமே இரண்டு ஃப்யூஸ், பின்னால் வந்ததில் நாலு. எந்த வருஷத்துக் காரிலும் ஹெட்லைட்டுக்கு ஃப்யூஸ் கிடையாது, இக்னிஷனுக்குக் கிடையாது, பிரவுன் வயர் எதற்கும் கிடையாது. பிரவுன் வயர் ஒன்று பல்க்ஹெட் (எஞ்சினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவிலுள்ள தகடு) ஓட்டையில் உரசி பாடியில் பட்டால் பேட்டரிக்கும் அந்த இடத்துக்கும் நடுவில் தடுக்க ஒன்றும் இல்லை, பேட்டரி தீரும்வரை எரியும். ஆகவே லூம் மாற்றினாலும் மாற்றாவிட்டாலும், செல்ஃப் சோலனாய்டிலிருந்து (செல்ஃப் மோட்டாரை இயக்கும் பெரிய மின் சுவிட்ச்) கிளம்பும் பிரவுன் வயர்களுக்கு அங்கேயே ஒரு பெரிய ஃப்யூஸ் வையுங்கள். போல்ட் போட்டு இறுக்கும் வகை நல்லது. செல்ஃபுக்குப் போகும் தடித்த கேபிளை அதில் சேர்க்காதீர்கள், அது நூற்றுக்கணக்கில் ஆம்பியர் இழுக்கும்.

எத்தனை ஆம்பியர் வைப்பது என்பதை வயரைப் பார்த்து முடிவு செய்யுங்கள். பிரிட்டிஷ் வயரில் 14/0.30 என்பது 8.75 ஆம்பியர், 28/0.30 என்பது 17.5, 44/0.30 சுமார் 27, 65/0.30 என்பது 35, 84/0.30 என்பது 42. முதல் எண் இழைகளின் எண்ணிக்கை, அடுத்தது ஒரு இழையின் குறுக்களவு மில்லிமீட்டரில். பழைய கண்ணாடி ஃப்யூஸ் பெட்டியைத் தூக்கிவிட்டுப் பிளேடு ஃப்யூஸ் பெட்டி வைப்பதும் நல்லதுதான், வைக்கிறவர்கள் இருக்கும் இரண்டு ஃப்யூஸை அப்படியே மாற்றாமல் வைப்பர், ஹீட்டர், இண்டிகேட்டர், ஹாரன் என்று பிரித்துவிடுங்கள். மழையில் வைப்பர் ஃப்யூஸ் போனால் பிரேக் லைட்டும் சேர்ந்து போகாது.

ஹெட்லைட்டுக்கு ரிலே வேண்டுமா?

வேண்டும். நான் பார்த்தவரை போட்ட காசுக்கு உடனே பலன் தெரிவது இதில்தான். அசல் வயரிங்கில் இரண்டு விளக்குக்கான கரண்டும் டாஷில் உள்ள லைட் சுவிட்ச் வழியாக, அப்புறம் டிம் சுவிட்ச் வழியாக, அப்புறம் நாலைந்து புல்லட் இணைப்பு (குண்டு வடிவ முனையை ஸ்லீவில் செருகுவது) வழியாகச் சுற்றி வருகிறது. எச்4 பல்ப் போட்டால் பிரைட்டில் இரண்டும் சேர்ந்து 120 வாட், அதாவது 10 ஆம்பியர். ஒவ்வொரு இணைப்பும் கால் வோல்ட் அரை வோல்ட் என்று தின்றுவிட்டால் விளக்குக்கு வந்து சேரும்போது 12 கூட இருக்காது. இழை பல்பின் வெளிச்சம் வோல்ட்டேஜோடு சமமாகக் குறையாது, மிக வேகமாகக் குறையும். 13.5 வர வேண்டிய இடத்தில் 12 வந்தால் வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போகும்.

வேலை சுலபம். இரண்டு ரிலே, ஒன்று டிம், ஒன்று பிரைட். அசல் நீல-சிவப்பு, நீல-வெள்ளை வயர்களை ரிலேயின் 86க்குக் கொடுங்கள், 85ஐ எர்த் செய்யுங்கள், 30க்குப் புது பிரவுன் வயரை ஃப்யூஸ் வழியாகக் கொண்டு வாருங்கள், 87லிருந்து விளக்குக்கு. ஒவ்வொரு ரிலேக்கும் தனி ஃப்யூஸ் வேண்டும், ஒன்று போனாலும் இன்னொன்று எரியும். ரிலே போட்ட பிறகு விளக்கின் எர்த்தையும் புதிதாகப் போடாவிட்டால் பாதிப் பலன்தான், இதை மறந்துவிட்டு ரிலே சரியில்லை என்பவர்கள் உண்டு.

இதில் இன்னொரு லாபம், பழைய லூகாஸ் லைட் சுவிட்ச் இனி ரிலே காயிலுக்கான சொற்ப கரண்டை மட்டும் தாங்கினால் போதும், ஆயுசு நீளும். இப்போது சந்தைக்கு வரும் நகல் சுவிட்சுகளின் தரத்தைப் பார்த்தால் அசலைக் காப்பாற்றி வைப்பதுதான் புத்திசாலித்தனம்.

பாசிட்டிவ் எர்த் காரை நெகட்டிவ் எர்த்தாக மாற்ற வேண்டுமா?

1967 கடைசியில் மார்க் 2 வரும்வரை எம்ஜிபி பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும். ஆல்டர்னேட்டர், இன்றைய ரேடியோ, சாதாரண எல்இடி இதில் எது போடுவதாக இருந்தாலும் மாற்றித்தான் ஆக வேண்டும். எதுவும் போடாமல் டைனமோவோடு ஓட்டுகிறவர் அப்படியே விட்டுவிடலாம், கார் அதனால் மோசமாக ஓடாது.

மாற்றும்போது பேட்டரியைத் திருப்பி வைப்பதோடு முடியாது. இந்தக் கார்களில் சீட்டுக்குப் பின்னால் தரைக்கு அடியில் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் தொடராக இருக்கும். பாசிட்டிவ் முனை நெகட்டிவை விடக் கொஞ்சம் தடிமன் என்பதால் கிளாம்ப்பும் மாற்ற வேண்டிவரும். அப்புறம் டைனமோவுக்குப் புது போலாரிட்டி காட்ட வேண்டும்: டைனமோவின் இரண்டு வயரையும் கழற்றிவிட்டு, புதிய முறையில் மாட்டிய பேட்டரியின் லைவிலிருந்து ஒரு வயர் எடுத்து எஃப் முனையில் இரண்டு மூன்று தடவை தொட்டு எடுங்கள், பொறி வரும், அவ்வளவுதான். காயிலில் இரண்டு வயரையும் இடம் மாற்றுங்கள், நெகட்டிவ் முனை டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போக வேண்டும். எஞ்சின் வேகம் காட்டும் டாக்கோமீட்டரைத்தான் கழற்றித் திறக்க வேண்டியிருக்கும், உள்ளே சப்ளை இணைப்பை மாற்றிச் சால்டர் செய்து, இக்னிஷனின் வெள்ளை வயர் வளையம் போகும் திசையையும் திருப்ப வேண்டும். முடித்த கையோடு போனட்டுக்கு அடியில் "நெகட்டிவ் எர்த்" என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டுங்கள்.

டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர்?

சி40 டைனமோ கொடுப்பது 22 ஆம்பியர், அதுவும் ஐட்லிங்கில் ஒன்றும் தராது, சிக்னலில் நிற்கும்போது லைட் மங்குவது அதனால்தான். லூகாஸ் 16ஏசிஆர் 34, 18ஏசிஆர் 43 தரும். டைனமோ மாதிரியே தோற்றம் கொண்ட ஆல்டர்னேட்டரும் விற்கிறார்கள், பார்வைக்கு அசலாக இருக்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு.

ரெகுலேட்டர் பெட்டி இனி தேவையில்லை, ஆனால் வயர்கள் சந்திக்கும் இடமாக அதை வைத்துக்கொள்ளலாம். டைனமோவின் தடித்த பிரவுன்-மஞ்சள் வயரைச் சார்ஜிங் வயராகவும், மெல்லிய பிரவுன்-பச்சையை வார்னிங் லைட்டுக்கும் பயன்படுத்துவதுதான் வழக்கம். 16ஏசிஆருக்கு அது ஒப்பேறும், அதற்கு மேலே போனால் சோலனாய்டுவரை புது வயர் ஓட்டுங்கள். டிஆர்4, பழைய டிஆர்6காரர்கள் கவனிக்க: உங்கள் டாஷில் உள்ள ஆம்மீட்டர் வழியாகத்தான் முழு சார்ஜும் போகிறது. பெரிய ஆல்டர்னேட்டர் போட்டுவிட்டு அந்த மீட்டரை அப்படியே விட்டால் டாஷுக்குப் பின்னால் தீதான். வோல்ட்மீட்டருக்கு மாறுங்கள்.

எல்லா பல்பையும் எல்இடியாக மாற்றலாமா?

டெயில், பிரேக், நம்பர் பிளேட் விளக்குகளுக்குத் தாராளமாக. சிவப்புக் கண்ணாடிக்குச் சிவப்பு எல்இடியே போடுங்கள், வெள்ளை போட்டால் வெளிறித் தெரியும். இண்டிகேட்டருக்குப் போட்டால் பழைய ஃப்ளாஷர் மினுக்காது, அது பல்ப் இழுக்கும் கரண்டில் சூடாகி வேலை செய்வது. எலக்ட்ரானிக் ஃப்ளாஷர் வாங்குங்கள், பெரும்பாலும் அதற்கு ஒரு எர்த் வயர் தனியாக வேண்டும்.

ஒரே ஒரு பல்பை மட்டும் தொடாதீர்கள்: ஆல்டர்னேட்டர் காரின் இக்னிஷன் வார்னிங் லைட். ஆல்டர்னேட்டர் விழித்துக்கொள்ளத் தேவையான தொடக்கக் கரண்ட் அந்தச் சின்ன 2.2 வாட் பல்ப் வழியாகத்தான் போகிறது. அங்கே எல்இடி போட்டால் கரண்ட் போதாது, வண்டி ஓடும், சார்ஜ் ஏறாது, ஆல்டர்னேட்டர் போய்விட்டது என்று நினைத்துப் புதிது வாங்குவீர்கள்.

பெட்ரோல் கேஜ் முழு டேங்க் காட்டுகிறது, பெட்ரோலோ தீர்ந்துவிட்டது. கேஜ் மாற்றவா?

வேண்டாம். டாஷுக்குப் பின்னால் வோல்ட்டேஜ் ஸ்டெபிலைசர் என்று ஒரு சின்னத் தகரப் பெட்டி இருக்கிறது. அது உள்ளே இருக்கும் பட்டை சூடாகி ஒட்டுவதும் விலகுவதுமாகச் சராசரி 10 வோல்ட்டைக் கேஜுக்குத் தரும். அதன் எர்த் விட்டுப்போனால் முழு பேட்டரி வோல்ட்டேஜும் போய் முள் மேலே ஏறும். பெட்டியின் பின்பக்கத்தையும் அது திருகியிருக்கும் இடத்தையும் சுரண்டிச் சுத்தம் செய்து மாட்டினாலே பாதி நேரம் சரியாகிவிடும். மாற்றுவதானால் எலக்ட்ரானிக் வகை வாங்குங்கள், போலாரிட்டி பார்த்து.

செல்ஃப் போட்டால் சோக் கேபிள் சூடாகிப் புகைகிறதே?

பயப்படாதீர்கள், ஆனால் மறுபடியும் செல்ஃப் போடாதீர்கள். எஞ்சின் ரப்பர் மவுண்ட்டில் உட்கார்ந்திருக்கிறது, அதற்கும் பாடிக்கும் நடுவில் ஒரு எர்த் பட்டை இருக்க வேண்டும். கிளட்ச் மாற்றியவர் அதைத் திரும்ப மாட்டாமல் விட்டிருப்பார், இல்லையென்றால் துருவில் அறுந்திருக்கும். செல்ஃபின் கரண்ட் வேறு வழியில்லாமல் சோக் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகத் திரும்புகிறது. புதுப் பட்டை வாங்கி, போல்ட் உட்காரும் இடத்தில் பெயிண்ட்டைப் பளபளவென்று சுரண்டிவிட்டு இறுக்கி, மேலே வாஸ்லின் தடவுங்கள். பழையது சரியாகவே இருந்தாலும் இரண்டாவதாக ஒன்று போடுவதில் தப்பில்லை.

புல்லட் இணைப்புக்குச் சால்டரா, கிரிம்ப்பா?

இரண்டும் சரி, ஒழுங்காகச் செய்தால். கிரிம்ப் என்றால் பித்தளை புல்லட்டுக்கென்றே உள்ள கருவி வேண்டும், கடையில் கிடைக்கும் சிவப்பு-நீலம்-மஞ்சள் பிளாஸ்டிக் முனைகளும் அந்த மலிவு பிளையரும் வேண்டாம். வயர் தோலைக் கடித்து இணைக்கும் நீல பிளாஸ்டிக் கிளிப் எங்கே கண்டாலும் பிடுங்கி எறியுங்கள். ரப்பர் ஸ்லீவ் மலிவாகக் கிடைக்கும், பழையதைத் துடைத்துப் போடாமல் எல்லாவற்றையும் புதிதாகவே போடுங்கள்.

புதுச் சாமான் எதை நம்பி வாங்கலாம்?

லூம், புல்லட், ரிலே, ஃப்யூஸ் பெட்டி தைரியமாக. ரிலேயில் பெயர் தெரிந்த தயாரிப்பு வாங்குங்கள். பாயிண்ட்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் இக்னிஷன் நல்லதுதான், ஆனால் வண்டி நின்றிருக்கும்போது சாவியை ஆனில் விட்டால் சில வகை எரிந்துபோகும், பழைய டாக்கோ சிலவற்றோடு ஒத்தும் போகாது. ரோட்டார், கண்டென்சர் மலிவு விலையில் வாங்கவே வாங்காதீர்கள், ரோட்டாரில் ரிவெட் இல்லாத சிவப்பு வகை பாருங்கள். சுவிட்ச், வைப்பர் மோட்டார், ஹாரன் இவற்றில் அசல் லூகாஸைப் பிரித்துச் சுத்தம் செய்தது புது நகலைவிட நீண்ட நாள் வரும்.

எல்லாம் மாட்டியாயிற்று. பேட்டரி கொடுக்கலாமா?

நேராகக் கொடுக்காதீர்கள். எல்லா சுவிட்சையும் அணைத்து, கதவை மூடி, பேட்டரியின் எர்த் கேபிளுக்கும் முனைக்கும் நடுவில் ஒரு 21 வாட் பிரேக் லைட் பல்பை வயரில் தொங்கவிடுங்கள். பல்ப் பளிச்சென்று எரிந்தால் எங்கோ ஷார்ட். ஃப்யூஸ் ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள், எதைக் கழற்றும்போது அணைகிறதோ அந்த லைனில் தேடுங்கள். எல்லா ஃப்யூஸையும் கழற்றியும் எரிந்தால் பிரவுன் வயர்தான், ஆல்டர்னேட்டர் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள், அப்புறம் இக்னிஷன் சுவிட்ச். பல்ப் எரியவில்லை என்றால் சைடு லைட் மாதிரிச் சின்ன விளக்குகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள், நம் பல்ப் கொஞ்சம் ஒளிரும், அது இயல்பு, கண்ணைப் பறிக்க எரிந்தால் அந்த சர்க்யூட்டில் பாருங்கள். ஹெட்லைட்டையும் ஹாரனையும் செல்ஃபையும் இந்த முறையில் சோதிக்க முடியாது. அதற்குப் பல்பை எடுத்துவிட்டுக் கேபிளை நேராக மாட்டி, முதலில் ஹெட்லைட் போட்டுவிட்டு, ஒரு ஆள் சுவிட்சில் இருக்க நீங்கள் முன்னால் நின்று ரிலேயையும் வயரையும் தொட்டுப் பாருங்கள். பத்து நிமிஷம் எரிந்த பிறகும் வயர் வெதுவெதுப்புக்கு மேல் போகவில்லை என்றால் சாவியைத் திருப்பலாம்.